லிஃப்ட்காரர் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறம்

லிஃப்ட்காரருக்கு உடுத்தத் தெரியாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, தெருவுக்கே தெரிந்த விஷயம். அவரிடம் ஏழெட்டுச் சட்டைகள் இருக்கின்றன. ஒன்றில் கிரீஸ் கறை இடது பக்கம், இன்னொன்றில் வலது பக்கம், வித்தியாசம் அவ்வளவுதான். ஆடவும் வராது. அக்கா கல்யாணத்தில் கூட்டாளிகள் இழுத்துவிட்டு ஆடவைத்தபோது, பாவம் யாரோ கால் சுளுக்கிக்கொண்டார் என்று நினைத்து ஒரு பெரியவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். குறட்டை விடுவார். மேல் மாடிக்காரர் ஒருமுறை, தண்ணீர் மோட்டாரை யாரோ அணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று இறங்கி வந்து சுவிட்சைத் தேடியிருக்கிறார்.

இத்தனையும் எதற்குச் சொல்வது என்றால், லிஃப்ட்காரர் ஆண்களை விரும்புகிற ஆண். ஆண்களை என்று பொதுவாகச் சொல்வானேன், ஓர் ஆணை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டிரைவரை. இதைக் கேட்டதும் கேட்பவர் மனத்தில் ஒரு படம் ஓட ஆரம்பிக்கும், தெரியும். இடுப்பை ஒடித்து நடப்பது, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது, பத்தடி தள்ளியே மணக்கிற சென்ட். அப்படி இருப்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள், அவர்கள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். லிஃப்ட்காரர் அப்படி இல்லை. நாற்பத்தெட்டு வயது, தொப்பை, நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு.

வேலையில் மட்டும் ஆள் சுத்தம். லிஃப்டைப் பழுது பார்த்து முடித்ததும் மீட்டரைப் பார்த்து நம்ப மாட்டார். கதவை மூடிக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடி மேலும் கீழும் போய்வருவார். கை சரி என்றால்தான் சரி. டிரைவரை முதன்முதலில் பார்த்ததும் ஒரு லிஃப்டில்தான். பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொள்கிறவர்கள் வழக்கமாகக் கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள், மேனேஜரைக் கூப்பிடச் சொல்வார்கள். இந்த ஆள் பாடிக்கொண்டிருந்தார். சுருதி என்று ஒன்று இருப்பதே தெரியாத பாட்டு.

"சார், பயப்படாதீங்க, எடுத்துருவேன்" என்று லிஃப்ட்காரர் வெளியிலிருந்து சொன்னார்.

"நான் பயப்படலங்க. நீங்க சாப்பிட்டீங்களா? குரலே வரலையே உங்களுக்கு" என்றது உள்ளே இருந்த குரல்.

அன்றைக்கு லிஃப்ட்காரர் காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அதை யாரும் கேட்டிருக்கவும் இல்லை. கதவைத் திறந்து, கையைக் கொடுத்து மேலே தூக்கிவிட்டபோது, அந்தக் கையை விட அவருக்கு மனம் வரவில்லை. இப்போது இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கு ஒரு சண்டை, ஃபேனை எத்தனையில் வைப்பது என்று ஒரு சண்டை, மற்றபடி சுகம்தான்.

அக்காவுக்கு இது தெரியாமல் இருந்தது வெகுகாலம். அக்கா என்றால் கூடப் பிறந்த ஒரே அக்கா, மீதி சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை. அவள் வீட்டில் தரைக்குப் புது டைல்ஸ் போட்ட சமயம், தூசி தாங்காமல் தம்பி வீட்டுக்கு வந்து தங்கினாள். மாமா தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இவர்கள் இருவரும், இருந்த ஒரே கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்துக்கொண்டார்கள். காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா விசாரணையைத் தொடங்கினாள்.

"டேய், அவரு வழக்கமா எங்க படுப்பாரு?"

"அங்கதான். அந்த ரூம்ல."

"அப்ப நீ?"

"நானும் அங்கதான்க்கா."

டீ கொட்டவில்லை. அக்கா டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தாள். அன்று மதியமே பெட்டியைக் கட்டிக்கொண்டு, டைல்ஸ் காயாத வீட்டுக்கே திரும்பிப் போனாள். பிறகு இரண்டு மாதம் போன் இல்லை. இவர் அடித்தாலும் எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அக்கா இல்லாமல் போய்விட்டால் தான் யாருக்குத் தம்பி என்று நினைத்து, லிஃப்ட் மோட்டார் இருக்கிற மெஷின் ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

திடீரென்று ஒரு நாள், ஒன்றுமே நடக்காதது போல அக்கா போன் செய்தாள். "அந்தக் கூட்டாளி எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். இரண்டு மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. டிவி பார்த்திருக்கிறாள், வாரப் பத்திரிகை படித்திருக்கிறாள், தான் வேலை பார்த்த பியூட்டி பார்லருக்கு வருகிற பெண்களிடம் வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டிருக்கிறாள். தன்பாலீர்ப்பாளர் என்ற சொல்லை மூச்சு வாங்காமல் சொல்லப் பழகியிருந்தாள். இதைக் கேட்டு டிரைவர், "அம்மாடி, அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ் ரெண்டு ஸ்டாப் தாண்டிரும்" என்றார்.

அன்றிலிருந்து அக்காவின் பாசம் பெருக்கெடுத்தது. முகத்துக்கு கிரீம் வாங்கி அனுப்பினாள். லிஃப்ட்காரர் அதைக் கையில் கிரீஸ் எடுக்கப் பயன்படுத்தினார், நன்றாகவே எடுத்தது. போனில் கொஞ்சம் இழுத்து இழுத்து, "ஏன்டா, உங்க ரெண்டு பேர்ல யாரு சமைக்கிறது?" என்றாள்.

"யாருக்கு முதல்ல பசிக்குதோ அவரு."

"நான் அதைக் கேக்கலடா."

"நீ எதைக் கேக்குறேன்னு தெரியும்க்கா. போனை வை."

அக்கா இருபது வருடம் அடுத்தவர் பார்லர்களில் நின்று வேலை செய்தவள். இப்போது சொந்தமாக ஒன்று திறக்கப் போகிறாள். கடைத்தெருவில் சின்னதாக ஓர் இடம், மூன்று நாற்காலி, ஒரு கழுவுதொட்டி. உள் வேலை எல்லாம் முடிந்து பெயின்டும் லைட்டும் மட்டும் பாக்கி. சாவியைக் கொண்டுவந்து தம்பி கையில் வைத்தாள்.

"கலர், லைட்டு, எல்லாம் உன் பொறுப்பு. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். உங்க ஆளுங்களுக்கெல்லாம் இதுல நல்ல கண்ணாமே. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. அவரையும் கூட்டிட்டு வா."

கடைசியில் சொன்ன அந்த ஒரு சொல்தான் லிஃப்ட்காரரைக் கவிழ்த்தது. அவரையும். இதுவரை எந்தக் குடும்பத்து விசேஷத்துக்கும் டிரைவரை யாரும் அழைத்ததில்லை. டிரைவரின் சொந்த வீட்டிலேயே அவரைக் கூப்பிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தெரியாது என்றால் மறுபடியும் அந்த இரண்டு மாத மௌனம் வந்துவிடுமோ என்று பயந்தார். "சரிக்கா, ஜமாய்ச்சுருவோம்" என்றார்.

"யோவ், உனக்குக் கலர் தெரியாதேய்யா!" என்று வீட்டில் டிரைவர் தலையில் கைவைத்தார். "நேத்து ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல கறுப்புன்னு சாக்ஸ் போட்டுட்டுப் போன ஆளு நீ!"

"அப்ப நீ வந்து சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சது பஸ்ஸு மஞ்சள் ஒண்ணுதான்."

ஆனாலும் இருவரும் பெயின்ட் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கலர் கார்டை விரித்தார். வெள்ளையிலேயே ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. ஒன்றின் பெயர் முத்துச்சிப்பி, ஒன்று அதிகாலைப் பனி, ஒன்று பாலாடை. லிஃப்ட்காரருக்கு எல்லாம் ஒரே சுண்ணாம்பாகத் தெரிந்தது. முழி பிதுங்கிப் போய்க் கார்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். சாம்பல் நிறம். புதிதாக வந்து இறங்கிய லிஃப்ட் கன்ட்ரோல் பெட்டிக்கு இருக்குமே, அதே சாம்பல்.

"இது!" என்றார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "கண்ணை உறுத்தாது. அழுக்கு தெரியாது. எந்த வயர் எங்க போகுதுன்னு பளிச்சுனு தெரியும்."

"பார்லர்ல வயர் எதுக்கு?" என்றார் டிரைவர்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

பெயின்டர் வேலையை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை கேட்டார். "சார், இது பார்லர்தானே?" ஆமாம் என்றார். "லேடீஸ் பார்லர்?" அதற்கும் ஆமாம் என்றார். "சரி சார்" என்று பெயின்டர் பிரஷை முக்கினார். அந்தச் சரி சாரிலேயே லிஃப்ட்காரர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வாசலில் ஒரு படி இருந்தது, யாராவது தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று அதன் விளிம்பில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போடச் சொன்னார். மெஷின் ரூமில் மாட்டுகிற நீளமான டியூப் லைட்டுகளை வரிசையாக மாட்டினார். எல்லா சுவிட்சுக்கும் மேலே நம்பர் ஒட்டினார். முடித்துவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு நிமிடம் நின்றார். மனத்துக்கு நிறைவாக இருந்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு அழகான அறையைப் பார்த்ததில்லை என்றே தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தாள். உள்ளே நுழைந்து நான்கு பக்கமும் பார்த்தாள்.

"ஒயரிங் எல்லாம் நீட்டா இருக்குடா. பெயின்ட் எப்ப அடிக்கிறாங்க?"

"அடிச்சாச்சுக்கா."

அக்கா மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தாள். படியில் இருந்த மஞ்சள் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். சுவிட்ச் போர்டில் இருந்த நம்பர்களைப் பார்த்தாள். "டேய்," என்றாள், "இது கரண்ட் ஆபீஸ் மாதிரி இருக்குடா. உள்ள வந்தா பில்லு கட்டிட்டுப் போயிருவாங்க." லிஃப்ட்காரருக்குத் தலை குனிந்தது. திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தார். விழவில்லை. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து அவர் கையைப் பிடித்துக்கொண்டபோது அவள் முகத்தில் இருந்தது சிரிப்பு இல்லை, நிம்மதி.

"அப்ப நீ அது இல்லடா!"

"எது இல்ல?"

"அதான்டா. எனக்கு அப்பவே சந்தேகம். டிரெஸ் பண்ணத் தெரியாது, ஆடத் தெரியாது, இப்பக் கலரும் தெரியல. எந்தப் பக்கம் பாத்தாலும் நீ என் வீட்டுக்காரர் மாதிரியே இருக்கடா! தனியா கிடந்து கிடந்து உனக்கு ஏதோ பழகிப் போச்சு. வெறும் பழக்கம். இதுக்குப் போயி நான் எவ்வளவு மனசு வெந்தேன் தெரியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முக்குல மருந்துக்கடை வச்சிருக்காங்களே, அந்தம்மா. புருஷன் தவறிப் போயி நாலு வருஷமாச்சு. தங்கமான பொம்பளை. உன்னைப் பத்தி இப்பவே ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். நாளைக்கு வருவாங்க. சும்மா பாரு, ஒண்ணும் கட்டாயம் இல்ல."

லிஃப்ட்காரருக்கு ஓங்கி அறைந்தது போல இருந்தது. இத்தனை நாளும் அக்கா ஏற்றுக்கொண்டது தன்னை இல்லை, டிவியில் வந்த எவனோ ஒருவனை. அந்த எவனோ ஒருவனாக நடித்தாவது அவளைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று சாவியை வாங்கியது தான்தான். சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அவள் இவ்வளவு சந்தோஷமாகத் தன் கையைப் பிடித்துப் பல வருடம் ஆகிறது.

"பாக்கலாம்க்கா" என்றார்.

வீட்டில் டிரைவர் நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார். பொய் சொல்ல அவருக்கு வராது, அது ஒரு நல்ல குணம்தான், ஆனால் அன்றைக்கு வினையாகிப் போனது. கரண்ட் ஆபீஸ் வரைக்கும் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துக்கடை வந்ததும் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலாம்னு சொன்னேன்."

"பாக்கலாம்." டிரைவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை. "நான் நாளைக்கு வரல, லிஃப்ட்டு. உங்க அக்கா சொன்னது எனக்குப் பெருசா வலிக்கல. அவங்களுக்குத் தெரியாது, சொல்றாங்க. உனக்குத் தெரியும்ல? என்னைப் பழக்கம்னு சொல்லும்போது நீ நின்னு கேட்டுட்டு வந்திருக்க." சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

காலையில் எழுந்ததும் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு லிஃப்ட்காரர் பார்லருக்குப் போனார். அக்கா சாம்பல் சுவரை மறைக்கக் கலர் கலராக பலூன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அதுதான்" என்றார் வாசலில் நின்றபடியே. உள்ளே போனால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"என்னடா காலங்காத்தால?"

"எனக்குக் கலர் தெரியாது. ஆடத் தெரியாது. நீ குடுத்த கிரீம்ல கிரீஸ் எடுக்குறேன். ஆனா நான் அதுதான்க்கா. உன் மனசுல இருக்குற படத்துக்கு நான் பொருந்தலைன்னா அந்தப் படம் தப்பு. நான் தப்பில்ல."

"எதை வச்சுடா இவ்வளவு உறுதியா சொல்ற?"

"நீ மாமாவை எதை வச்சுக் கட்டிக்கிட்ட? அவரு என்ன டிவில வர்ற ஹீரோ மாதிரியா இருக்காரு? போன மாசம் உன் பொறந்தநாளை மறந்துட்டுத் தூங்கினாரு. அதுக்காக யாராச்சும் வந்து, நீ சரியான புருஷன் இல்ல போல, எல்லாம் வெறும் பழக்கம்தான்னு அவருக்கு வேற ஆளு பாத்தாங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அது வேறடா" என்றாள்.

"என்ன வேற? மழை பெய்ஞ்சா அவரு பஸ்ஸு லேட்டாகும். அப்ப நான் பால்கனில நிப்பேன். துணி எடுக்கிற மாதிரி நிப்பேன், எடுக்கத் துணியே இருக்காது. அந்த பஸ்ஸு முக்குல திரும்புற சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குப் பசியே எடுக்கும். இதுக்குப் பேரு பழக்கம்னா, சரி, பழக்கம்னே வச்சுக்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். நீ மறுபடி பேசாம இருந்தாலும்... இரு. நான் செத்துற மாட்டேன். கஷ்டமா இருக்கும். ரொம்பக் கஷ்டமா இருக்கும்க்கா."

அக்கா கையில் இருந்த பலூனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "அவரு எங்க?" என்றாள்.

"வரல."

"ஏன்?"

"நேத்து நீ சொன்னதைச் சொன்னேன். நான் பாக்கலாம்னு சொன்னதையும் சொன்னேன்."

"அட கூறுகெட்டவனே! அதை எவனாவது வீட்ல போயி சொல்லுவானாடா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போனைக் குடு. நம்பரைப் போட்டுக் குடு."

மறுமுனையில் எடுத்ததும் அக்காவுக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை ஹலோ சொன்னாள். "நான் அக்கா பேசுறேன்" என்றாள். "அவன் சும்மாதான் நின்னான், பேசினதெல்லாம் நான்தான். கோவப்படணும்னா இங்க வந்து என் மூஞ்சிக்கு நேரா கோவப்படுங்க. வீட்ல தனியா உக்காந்து படாதீங்க. கடை திறக்கணும், சீக்கிரம் வாங்க."

டிரைவர் வந்தபோது கடை நிறைந்திருந்தது. பழைய பார்லர்களில் கூட வேலை பார்த்த பெண்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், மாமா, மாமாவின் தங்கை எல்லாரும் வந்திருந்தார்கள். டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரமாக நின்றார். யாரோ பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்ததில் அவர் இன்னும் கொஞ்சம் ஒதுங்க வேண்டியிருந்தது. லிஃப்ட்காரர் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடை அம்மா உள்ளே வந்தார். நேராக அக்காவிடம் போய், லிஃப்ட்காரரைக் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "இவருதான் நேத்து நீங்க சொன்ன தம்பியா?" என்றார்.

அக்காவின் முகம் வெளுத்தது. சிரித்து மழுப்பிவிட்டு, அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவளுடைய தொழில், அவளுடைய கடை, அவளுடைய முதல் நாள். சுற்றிலும் நாளைக்கு முடிவெட்ட வர வேண்டிய முகங்கள். அக்கா மழுப்பிவிடுவாள் என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்தார், மழுப்பினால் அவளைக் குறை சொல்லக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டார்.

"இவன்தாங்க தம்பி" என்றாள் அக்கா. "நேத்து அவசரப்பட்டு உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. இவனுக்குக் குடும்பம் இருக்கு." கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் டிரைவரின் கையைப் பிடித்து நடுவில் இழுத்து வந்தாள். "இவருதான். ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா ஒண்ணா குடும்பம் நடத்துறாங்க. எங்க வீட்டு மாப்பிள்ளைன்னு வச்சுக்கோங்களேன்."

மாமாவின் தங்கை மாமாவைப் பார்த்தாள். மாமா தன் கையில் இருந்த ஜூஸை மிகுந்த கவனத்தோடு குடித்தார். யாரோ ஒருத்தி பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள்.

"சிரிக்க என்ன இருக்கு இதுல?" என்று அக்கா திரும்பினாள். சிரிப்பு நின்றது.

மருந்துக்கடை அம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "நல்லதாப் போச்சுங்க. உங்க மனசு நோகாம வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே இல்ல" என்றவர், "ஆமா, சுவரு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டபடி முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

லிஃப்ட்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்துப் பேர் நடுவில், தன் வீட்டு மனுஷி ஒருத்தி வாய்விட்டு அதைச் சொல்லிவிட்டாள், கூரை இடிந்து விழாமல் அப்படியேதான் இருந்தது. டிரைவரைப் பார்த்தார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய் நின்று, தெருவிலிருந்து படியேறுகிற ஒவ்வொருவரையும், "வாங்க, வாங்க, பாத்து ஏறுங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவரை அங்கே போய் நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. வீட்டு ஆட்கள்தான் அப்படி நிற்பார்கள்.